கயல்விழி போட்ட கால அட்டவணை

குத்தாலத்தில் ரயிலேறித் தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக்குத் தினமும் போய்வருபவர் கயல்விழி. கணிதத் துறையில் ஏழு ஆசிரியர்கள்; அவர் ஒருவர்தான் பெண். டோபாலஜி என்ற உயர்கணிதப் பிரிவில் முனைவர் பட்டம் பெற்றவரும் அவர் ஒருவர்தான். பதினான்கு வருடமாக வணிகவியல் மாணவர்களுக்கு வட்டிக் கணக்கு நடத்திவந்தார்.

"எம்.எஸ்ஸி. பிள்ளைங்க சந்தேகம் கேட்டுக் குடைவாங்கம்மா. உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?" என்பார் துறைத் தலைவர் பஞ்சநதம். நல்லவர். உண்மையாகவே அப்படி நம்பினார்.

ஒருமுறை டோபாலஜி பற்றிப் பேச வெளியூர்ப் பேராசிரியர் வந்தார். அவருடைய நிரூபணத்தில் ஒரு படி விட்டுப்போனதைக் கயல்விழி கவனித்தார். கேள்வி நேரத்தில் கயல்விழியைப் பக்கோடா வந்துவிட்டதா என்று பார்த்துவர அனுப்பினார்கள்.

கால அட்டவணையும் அவர் வேலைதான். பொறுமை வேண்டும் என்பதால் பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். ஏழு ஆசிரியர், பதினொரு வகுப்பு, ஐந்து அறை. எதுவும் எதனோடும் மோதக்கூடாது. அதுவும் கணிதம்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு ஜூன் மாதம், சக ஆசிரியர் மதிவாணன் நடத்திவந்த எம்.எஸ்ஸி. டோபாலஜிக்கு நேராகத் தன் பெயரை எழுதினார்.

பஞ்சநதம் கூப்பிட்டார். "என்னம்மா இது? இது மதிவாணன் பேப்பராச்சே?"

"அவருக்குப் போட்டா மூணு எடத்துல மோதுது சார்."

"மாத்திப் பாருங்களேன்."

"பாத்துட்டேன். நீங்களும் வேணா பாருங்க சார்."

பஞ்சநதம் பென்சிலோடு மதியம்வரை பார்த்தார். மோதத்தான் செய்தது. கயல்விழி பொய் சொல்லவில்லை, மோதும்படி அமைத்திருந்தார். மதிவாணனுக்கு நிம்மதி. அந்தப் பேப்பர் அவருக்கும் புரிந்ததில்லை.

முதல் நாள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். பதினேழு பேர் பெண்கள்.

"மேடம், சார் எப்ப வருவாங்க?" என்றாள் முன் பெஞ்சு வானதி.

"வரமாட்டாங்க. நோட்டை எடும்மா."

சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. மூன்றாவதில் கை நிதானப்பட்டது.

அடுத்த வருடம் அட்டவணைக்கு மூன்று ஆண்கள் கொண்ட குழு அமைத்தார்கள். கல்லூரி திறந்த அன்று நான்காம் அறையில் இரண்டு ஆசிரியர்களும் இரண்டு வகுப்புகளும் இருந்தன. ஐந்தாம் அறையில் யாரும் இல்லை. வியாழக்கிழமை பஞ்சநதமே தாளைக் கொண்டுவந்து கயல்விழியின் மேசையில் வைத்தார். அவர் அதைச் சரிசெய்துகொடுத்தபோது இன்னொரு எம்.எஸ்ஸி. பேப்பரும் அவர் பெயருக்கு வந்திருந்தது. பஞ்சநதம் இம்முறை பென்சில் எடுக்கவில்லை.

வானதி இப்போது ஆராய்ச்சி மாணவி. பஞ்சநதம் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். துறைத் தலைவர் பதவிக்குப் பணிமூப்பில் அடுத்தவர் கயல்விழி. நிர்வாகம் யோசித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பதவியைக் கேட்டு அவர் மனு எழுதி, தேதி மட்டும் போடாமல் கைப்பையில் வைத்திருக்கிறார்.