மாமனிதர்கள் நின்ற இரும்புச் சட்டம்

1. காலை பத்து இருபத்தைந்து

எங்கள் முகாமையாளருக்கு மின்சாரத்தின் வரலாற்றைத் தொட்டுக் காட்டும்போது கரண்ட் அடித்தது. இதில் மிகை எதுவும் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் அடிவாரத்தில் இருந்த ஒரு வேலைத்தளத்தில் நான் மின்பிரிவுப் போர்மனாக இருந்தேன். ஓர் ஓகஸ்ட் மாதம் அங்கே மின்சாரக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிக் கண்காட்சி வைத்தார்கள். ஆளுயரப் படங்களை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு மின்குமிழை எரியவிட்டிருந்தோம். பிரதம விருந்தினரை அழைத்துக்கொண்டு வந்த முகாமையாளர் சட்டத்தில் கையை ஊன்றினார்.

"இவர்தான் மின்சாரத்தை அடக்கி…"

வசனம் முடியவில்லை. பின்னால் பாய்ந்து விருந்தினரின் காலை மிதித்தார். நான் மெயின் சுவிட்சை விழுத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். அது என் பழக்கம். ஒருவருக்கும் உயிராபத்து இல்லை. ஆனால் என் கீழ் வேலை செய்த நசீரின் வேலைக்கு அந்த நிமிடமே ஆபத்து வந்துவிட்டது.

2. ஒரு சாமானுக்கு ஒரு ஆள்

கண்காட்சிக்கு முன், படங்களுக்குக் கீழே வைக்கும் பலகையில் என்ன எழுதுவது என்பதில் எனக்கும் முகாமையாளருக்கும் ஒரு கிழமை இழுபறி நடந்தது.

"சேர், குமிழை அந்த அமெரிக்கர் மட்டும் செய்யேல்ல. அதே காலத்தில இங்கிலாந்தில ஒருத்தரும் எரிச்சுக் காட்டினவர். பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து கொம்பனியே நடத்தினவை."

"போர்மன், பலகை ரெண்டடி. ஒரு சாமானுக்கு ஒரு ஆள். சனம் வாசிச்சுப்போட்டுப் போக வேணும், வழக்குப் பேசக் கூடாது."

"அப்ப ரேடியோவுக்கு? அதுக்கு நாலு நாட்டுக்காரர் சண்டை பிடிக்கினம்."

"ஆர் வடிவா உடுத்திருக்கிறாரோ அவரைப் போடுங்கோ."

அப்படியே போட்டோம். காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வழியை 1831இல் கண்டவர், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர், கொல்லன் மகன். அதை எழுதிக் கொடுத்தேன். "விருந்தினர் வாற இடத்தில அது என்னத்துக்கு?" என்று முகாமையாளர் வெட்டிவிட்டார். 1800இல் முதல் மின்கலத்தை அடுக்கியவருக்கு 1880 என்று அச்சாகி வந்தது. அதைத் திருத்துவதிலேயே கண்காட்சிக்கு முதல் நாள் முழுவதும் எனக்குப் போயிற்று. அன்று நான் செய்திருக்க வேண்டிய வேலை வேறு.

3. வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

வேலைத்தளம் இருந்தது பாறை நிலம். மழையில்லாத மாதங்களில், வாசலில் ஏர்த் கம்பி இறக்கிய குழி காய்ந்துவிடும். காய்ந்த மண்ணுக்குள் கரண்ட் ஒழுங்காக இறங்காது. எங்காவது வயர் கசிந்தால், நிலத்துக்குப் போக வேண்டிய கரண்ட் இரும்பிலேயே நின்று, தொடுகிறவனைப் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் நசீர் அந்தக் குழிக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவார். அவர் கிண்ணியாவிலிருந்து வருகிறவர். பதினொரு வருடமாக நாட்கூலிக்கு அமைய ஊழியர். நிரந்தர நியமனத்துக்கு அப்போதுதான் அவருடைய பெயர் அனுப்பப்பட்டிருந்தது.

வெல்டிங் பகுதிக்காரர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

"என்ன நசீர் நானா, கம்பி முளைச்சிட்டுதோ?"

"முளைச்சா மொதக் காய ஒனக்குத்தான்டா தருவன். கையால பிடிச்சிப் பாரு."

கண்காட்சிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வாசல் வடிவாக இருக்க வேண்டுமென்று முகாமையாளர் குழிக்கு மேலே சீமெந்துக் கல் பதிக்கச் சொன்னார். நசீர் வாளியோடு போய் நின்றார்.

"சேர், இதுக்குத் தண்ணி ஊத்தாம ஏலாது."

"இரும்புக் கம்பி என்ன, முருங்கையே? பெரிய ஆக்கள் வரேக்க வாசலில சேறு கிடக்கவோ? வாளியைக் கொண்டு போங்கோ."

நான் அன்றாட வேலைகளைப் பதியும் லொக் புத்தகத்தில், "ஏர்த் குழி மூடப்பட்டது, தண்ணீர் ஊற்ற வழியில்லை" என்று எழுதினேன். முகாமையாளர் அதற்குக் கீழே கையொப்பம் வைத்தார். ஒரு கிழமைக்குரிய பக்கங்கள் அனைத்துக்கும் ஒரே இருப்பில், ஒரு வரியும் வாசிக்காமல் கையொப்பம் வைப்பது அவருடைய நிர்வாகத் திறமை.

4. ஒரு பிழைக்கு ஒரு ஆள்

சட்டத்தில் ஒரு குமிழின் வயர் கசிந்திருந்தது. கரண்ட் அடித்த மூன்றாம் நாள் முகாமையாளரின் அறிக்கை வந்தது. "ஏர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றத் தவறிய அமைய ஊழியரின் கவனயீனம்." நசீரின் நியமனம் நிறுத்தி வைக்கப்பட்டது. பலகையில் ஒரு பெயர் போதும் என்றவர், அறிக்கையிலும் அந்தக் கொள்கையைக் கைவிடவில்லை.

நசீர் என்னிடம் வந்து, "சேர், ஊத்தப் போனா ஏச்சு. ஊத்தாட்டி வேலயில்ல. ஊட்டுல நான் என்னண்டு சொல்ற?" என்று கேட்டார்.

லொக் புத்தகத்தைக் காட்டினால் அவர் தப்பிவிடுவார். ஆனால் அதே பக்கம் என்னையும் பிடித்துக் கொடுக்கும். குழி மூடியிருப்பது தெரிந்தும், மண்ணுக்குள் கரண்ட் இறங்குமா என்று ஏர்த் மீட்டரால் அளக்காமல், சட்டத்துக் குமிழ்களுக்கு மின் லைன் கொடுத்தவன் நான். மீட்டர் என் அலுமாரிக்குள் இருந்தது. நான் 1880ஐ 1800 ஆக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. இரண்டு நாள் அந்தப் புத்தகத்தைப் பூட்டியே வைத்திருந்தேன். பிறருடைய திகதியைத் திருத்துகிறவன் இதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள், விசாரணைக்கு வந்த அதிகாரியின் மேசையில் புத்தகத்தை விரித்தேன். முகாமையாளர் தன் கையொப்பத்தை ஒரு முறை பார்த்தார்.

"எல்லாத்தையும் வாசிச்சிட்டோ நான் சைன் வைக்கிறது?"

அதிகாரி அவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"போர்மன், உங்களுக்குத் தெரியும்தானே? பிறகேன் லைன் குடுத்தனீங்கள்?"

"அளந்திருக்க வேணும் சேர். நான் அளக்கேல்ல."

நசீருக்கு நியமனக் கடிதம் வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முகாமையாளருக்குக் கொழும்பில் பதவி உயர்வு கிடைத்தது, பாதுகாப்புப் பிரிவில்.

இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முன்னோடிகளைப் பற்றிப் படியுங்கள். நான் இன்றும் படிக்கிறேன். யார் முந்தி, யார் பிந்தி என்று அவர்கள் தங்களுக்குள் எவ்வளவோ சண்டை பிடித்தார்கள். ஆனால் எல்லோரும் முதலில் அளந்து பார்த்தவர்கள். நான் அவர்களுடைய ஆண்டுகளைப் பிழையில்லாமல் எழுதினேன். என் முப்பத்தொரு வருடக் குறிப்பேடுகளில், புது லைன் கொடுத்த நாட்களுள் அந்தக் கண்காட்சி நாளுக்கு மட்டும் ஏர்த் அளவு எழுதும் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது.