சென்றாயன் வீட்டு வருகைப் பதிவேடு

மலையில் தன் வீட்டின் ஓர் அறையைச் சுற்றுலா வருபவர்களுக்கு விட என்னென்ன அனுமதி வேண்டும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இன்றைய விதிகளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கண்ணால் பார்த்த ஒரு லைசென்ஸ் கதையைச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கம், கார்த்திகை மாதம். வேலூரில் எழுத்தர் வேலையில் கோப்புகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஜவ்வாது மலைக்கு அருவி பார்க்கக் கிளம்பினேன்.

முதல் பஸ்ஸில் போளூர். அங்கிருந்து 7.40க்கு மலை பஸ். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய் இருபது காசு. வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து, பத்தேகாலுக்கு ஜமுனாமரத்தூரில் இறங்கினேன். டீக்கடைக்காரரிடம் தங்க இடம் கேட்டேன்.

"சென்றாயன் வூட்டுக்குப் போங்க. ரூமு விடறாங்க."

பத்து நிமிட நடை. சென்றாயன் சாமை விதைக்கும் விவசாயி, ஐந்தாவது வரை படித்தவர். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் மனைவி காளியம்மா தடுத்துவிட்டார். "பேரெல்லாம் அப்புறம். மொதல்ல சாப்புடுங்க." படியேறி வந்தவரைச் சாப்பிட வைத்த பிறகே பெயர் கேட்பது அந்த வீட்டு வழக்கம். சாமைச் சோறும் மொச்சைக் குழம்புமாக வயிறு நிறைந்ததும், சென்றாயன் தடித்த நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

அன்று அவருக்குப் பரீட்சை நாள். தற்காலிக அனுமதியில் விட்டுவந்த அறைக்கு நிரந்தர லைசென்ஸ் தரலாமா என்று பார்வையிட யூனியன் ஆபீஸ் ஆய்வாளர் வருகிறார். "அது கெடைக்கலன்னா தை பொறந்ததும் வூட்ட பூட்டிட்டு குடகுக்குக் காபி பறிக்கப் போவணும். பொண்ணு படிப்பும் நின்னுடும்" என்றார். எனக்கு அருவி ஆசையே போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர். புது ஜன்னல், கழிப்பறை, மூடி போட்ட குடிநீர்ப் பானை, வாசல் பலகை எல்லாம் சரி. கடைசியாக வருகைப் பதிவேட்டைத் திறந்தவர் முகம் மாறியது.

"இன்னாய்யா இது? ரூமுக்கு ரெண்டு பேர்தான்னு ரூலு. சந்தை நாள்ல முப்பத்தோரு பேரா?"

"வந்தவங்க பேர எழுதச் சொன்னீங்களே சார். சாப்ட்டவங்க எல்லாரையும் எழுதிட்டேன்."

மாமியார், உப்பு வியாபாரி, பஸ் கண்டக்டர், யாரையும் விடவில்லை மனிதர்! இவ்வளவு நேர்மையாகக் கணக்கு எழுதி மாட்டிக்கொண்டவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ராத்திரி தங்கனவங்கதான் வேணும். மத்த பேரையெல்லாம் அடிச்சிடு."

காளியம்மா குறுக்கே வந்தார். "உசுரோட இருக்கறவங்க பேர அடிக்கக் கூடாதுங்க. எங்க அண்ணன் பேரும் அதுல இருக்குது."

"அப்ப நான் ஃபைல்ல இன்னான்னு எழுதறதும்மா?" ஆய்வாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் மனசில்லை என்பது தெரிந்தது. எனக்குள் இருந்த எழுத்தர் விழித்துக்கொண்டார்.

"சார், அடிக்க வேணாம். தங்கனவங்க பேருக்கு அடியில செவப்புக் கோடு போட்டுடலாமே?"

ஆய்வாளரும் சென்றாயனும் நானும் உட்கார்ந்து, நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கோடு போட்டோம். எந்தத் தேதியிலும் இரண்டுக்கு மேல் கோடு விழவில்லை. நடுவில் ஒரு பெயரில் ஆய்வாளர் விரல் நின்றது. "என் பேருமா?"

"போன தடவ களி சாப்ட்டீங்களே சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டபோது ஐந்தரை. கடைசி பஸ் போயிருந்தது.

"ஒரு எடம் காலியாத்தான் இருக்குதுங்க" என்றார் காளியம்மா.

அன்று சட்டப்படி நாங்கள் இருவரும் அந்த அறையில் தங்கினோம். அன்றைய தேதியில் எழுதிய தன் பெயருக்கு அடியில் ஆய்வாளர் தானே கோடு போட்டார். மறுநாள் காலை வாடகை கொடுத்து ரசீதும் கேட்டு வாங்கினார். நான் மூன்று கிலோமீட்டர் நடந்து அருவியையும் பார்த்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும், அறையின் அனுமதிச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், கடைசி பஸ் நேரத்தை இறங்கியதுமே விசாரியுங்கள். அறை விடுகிறவர்களுக்கு: தங்கியவர்களுக்கு ஒரு நோட்டு, சாப்பிட்டவர்களுக்கு ஒரு நோட்டு. விதியும் வேண்டும்தான், அதைப் படித்துச் சொல்ல இரக்கமுள்ள ஓர் ஆளும் வேண்டும்.

பொங்கல் கழிந்து சென்றாயனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. லைசென்ஸ் என்ற வார்த்தையே அதில் இல்லை. இரண்டே வரி: "தை பொறந்துடுச்சு சார். வூடு தெறந்துதான் இருக்குது."