முறத்தில் கட்டிய மூன்று போன்கள்

பஸ்ஸில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். மலையிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் முதல் வளைவிலேயே ஆரம்பித்துவிடுவேன். டிரைவரே என் முகத்தைப் பார்த்ததும் ஜன்னலோர சீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார். இப்படிப்பட்டவள் பெங்களூரில் பேத்திக்குக் குழந்தை பிறந்தால் எப்படிப் போவது? போகவில்லை. ஆனால் வீட்டில் மூத்தவள்தான் குழந்தையின் காதில் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும், அது எங்கள் வழக்கம். மூத்தவள் நான்தான். எனக்கு மூத்தது கொல்லையில் நிற்கிற புளியமரம் ஒன்றுதான், அது பேசாது.

நான் சொல்லச் சொல்ல இதை மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கட்டைவிரல்தான் கையெழுத்து. என் பேச்சை அவள் கொஞ்சம் துவைத்து அலசிப் போடுகிறாள், கறை முழுக்கப் போகாது.

வீடியோவிலேயே பெயரைச் சொல்லிவிடலாம் என்றாள் பேத்தி. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் என் மானம் போயிருந்தது. போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது குழந்தை கொட்டாவி விட வாயைத் திறந்தது, அப்படியே நின்றுவிட்டது. நான் அடுப்பில் களியைக் கிளறிவிட்டு வந்து பார்த்தேன், வாய் இன்னும் மூடவில்லை. குழந்தைக்குத் தாடை இழுத்துக்கொண்டது என்று ஊரைக் கூட்டி அழுதேன். மருமகள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "நெட்டு நின்னுபோச்சி அத்தே. கொழந்த நல்லாத்தான் கீது," என்றாள்.

எதிர்க்குன்றில் இருக்கும் டவரைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் எங்கள் வீட்டில்தான் தண்ணீர் குடிப்பார். ஏன் படம் நிற்கிறது என்று அவரைக் கேட்டேன். பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். டவரிலிருந்து மூன்று விதமான அலை வருகிறதாம். ஒன்று மலை, மரம் எல்லாம் தாண்டி வரும், ஆனால் கொஞ்சமாகத்தான் சுமக்கும். மற்ற இரண்டும் நிறையச் சுமக்கும், நடுவில் பாறையோ மரமோ வந்தால் நின்றுவிடும். மூன்றையும் சேர்த்து வாங்கினால் படம் தடங்கலில்லாமல் ஓடும் என்றார். அந்த நேரம் பார்த்துக் காயப்போட்ட சாமையில் கோழி இறங்கிவிட்டது. நான் விரட்டப் போனேன். கோழிக்கும் எனக்கும் பழைய பகை, அதைச் சொன்னால் பொழுது போய்விடும். திரும்பி வந்தபோது அவர் பேசி முடித்திருந்தார். மூன்று சேர்ந்தால் நல்லது, அவ்வளவுதான் என் மண்டையில் நின்றது. போதும் என்று நினைத்தேன்.

பெயர் வைக்கும் நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் சொல்லியாக வேண்டும். நான் விடிந்ததும் என் பழைய போனை எடுத்துக்கொண்டேன், மருமகளின் புதுப் போனைப் பிடுங்கினேன், பக்கத்து வீட்டுக்காரியின் போனைக் கடன் வாங்கினேன். மூன்றையும் முறத்தில் வைத்து, நழுவாமல் நாடா போட்டுக் கட்டி, கொல்லைப்புறப் பாறை மேல் ஏறினேன். உயரத்தில்தானே காற்றும் அலையும் வரும்! பக்கத்து வீட்டுக்காரி கீழே நின்று, "இன்னாக்கா, போனுக்குப் படையல் போடுறியா?" என்றாள். நான் கண்டுகொள்ளவில்லை. மருமகளை மிரட்டி மூன்று போனிலும் பேத்தியை வரவழைத்தேன். அங்கே பெங்களூரில் மூன்று பேர் மூன்று போனோடு நின்றார்களாம்.

மூன்றிலும் படம் நின்றுவிட்டது. ஒன்றில் குழந்தையின் கால், ஒன்றில் பேத்தியின் பாதி முகம், இன்னொன்றில் சும்மா வட்டம் சுற்றியது. "ஆயா, நேரமாகுது," என்று பேத்தியின் குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. என் குரலும் அங்கே அப்படித்தான் போயிருக்கும். பாதிப் பெயரையா பிள்ளையின் காதில் போடுவது? நான் சொல்லாமல் வேறு யாராவது சொல்லிவிட்டால், அப்புறம் அது என் கொள்ளுப்பேரன் காதில் விழுந்த என் குரல் ஆகுமா?

அப்போதுதான் டவர்காரர் தண்ணீருக்கு வந்தார். முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்கே பரிதாபமாக இருந்தது.

"ஆயா, மூணு போனு இல்ல. ஒரே போனுக்குள்ள மூணு அலை. படத்தத் துண்டு துண்டாப் பிரிச்சி மூணு வழியாவும் டவர் அனுப்பும், போனு உள்ளாற சேத்துக்கும். நீ மூணு போன ஓடவிட்டா, மூணும் ஒரே டவர்கிட்ட அடிச்சிக்கிட்டு வாங்குது."

என் பழைய போனுக்கு ஒரு அலைதான் ஒரு நேரத்தில் வாங்கத் தெரியுமாம். மருமகளின் போனுக்கு மூன்றும் தெரியும். ஆனால் என் பாறைக்கும் டவருக்கும் நடுவில் குன்றின் முதுகு இருந்தது. அதைத் தாண்டி வந்தது கொஞ்சமாகச் சுமக்கிற அந்த ஒற்றை அலை மட்டும்தான். ஏற முடியாத மூட்டுவலியோடு ஏறியது இதற்குத்தான்.

பாறையிலிருந்து உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். மற்ற இரண்டு போனையும் அணைத்துவிட்டு, டவர் நேராகத் தெரிகிற சாமை நிலத்துக்கு மருமகள் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். போன் உச்சியில், 4ஜி என்று இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், குறுக்கே போட்ட இரண்டு குச்சி மாதிரி ஒரு கூட்டல் குறி வந்தது. மூன்றும் சேர்ந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்றாள். எனக்கு எழுத்து தெரியாது, அந்தக் குறி இன்றைக்கும் தெரியும். உடனே பிள்ளை தெரிந்தான், தலையில் மயிர் அசைவதுகூடத் தெரிந்தது. சந்தோஷத்தில் வழக்கம்போல நடக்க ஆரம்பித்துவிட்டேன். நிலத்தை ஒட்டி நிற்கிற கொல்லைப் புளியமரத்துக்குப் பின்னால் போனதும் குறி காணாமல் போனது, படம் கலங்கியது. குரல் மட்டும் அந்த ஒற்றை அலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மருமகள் என் முந்தானையைப் பிடித்துப் பழைய இடத்தில் நிறுத்தினாள்.

"அத்தே, இங்கயே நில்லு. செடி மாரி நில்லு."

நின்றேன். பேத்தி போனைக் குழந்தையின் காதருகே, திரை எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தாள். நான் பெயரைச் சொன்னேன், எதிர்க்குன்றுக்குச் சொல்லுகிற மாதிரி. இத்தனை நாள் சரியாகக் கேட்காத போனில் பேசிப் பழகிய தொண்டை வேறு எப்படிச் சொல்லும்? தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை பதறி எழுந்து அழுதான். அந்த அழுகை ஒரு இடத்திலும் அறுபடாமல் எங்கள் சாமை நிலம் முழுக்கக் கேட்டது. நான் மாலை மாலையாகக் கண்ணீர் விட்டேன்.

அப்புறம்தான் பேத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், அவ்வளவு துல்லியமாகப் படம் வந்தும் அங்கே இருந்த யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லையாம். பெயர் சொல்லும்போது நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தது என் காதையும், அதில் ஆடிக்கொண்டிருந்த கம்மலையும்தான்.