சித்தப்பா வீட்டில் இல்லாத ஆறு மாதங்கள்

1984ஆம் ஆண்டு பங்குனி மாதம், கொக்குவில். பள்ளியிறுதி ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த காலம். அம்மா கடைக்கு அனுப்பினார். அரைக் கிலோ சீனி வாங்கி வந்து போத்தலில் கொட்டிவிட்டு, வெறும் கடதாசிச் சரையைக் கசக்கி எறியப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கடைக்காரர் சரை சுற்றியிருந்தது, அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியின் பழைய தாளில். யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர், தான் கடனிறுக்க வகையற்றவர் என்று மனுக் கொடுத்திருக்கிறார், அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் இன்ன நாளில் வரலாம் என்று அதில் ஓர் அறிவித்தல். மீதி கிழிந்து போயிருந்தது. கடனில் முறிந்தவனை வங்குரோத்து என்பது வெறும் ஏச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்கும் ஒரு மனு இருக்கிறது, அதையும் ஒரு நீதிமன்றம் வாங்கிப் பார்க்கிறது, அதுவும் எங்கள் யாழ்ப்பாணத்திலேயே என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. எனக்கு நினைவு வந்தது சித்தப்பா.

சித்தப்பாவுக்குக் கொழும்பில் துணிக்கடை இருந்தது. முந்திய வருடம் ஆடிக் கலவரத்தில் எரிந்துவிட்டது. கடனுக்கு எடுத்த துணியெல்லாம் சாம்பலாகிவிட, கடன் மட்டும் மிச்சம். அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கும்போது அவரிடம் இருந்தது உடுத்திருந்த சாரமும் சேட்டும் ஒரு கைக்கடிகாரமும்தான். சித்தியின் வீடு எங்கள் வளவுக்குள்ளேயே இருந்ததால் அங்கே வந்து சேர்ந்தார். ஒரு மாதம் கழித்து, துணியைக் கடனுக்குக் கொடுத்தவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்குப் போட்டுப் பிடியாணை எடுப்போம் என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் போனவர் பிறகு வாசல் படலையைத் தாண்டவில்லை. கோயிலுக்கில்லை, செத்த வீட்டுக்கில்லை, மகளின் பள்ளிக்கூடத்துக்குமில்லை.

யார் வந்து கேட்டாலும் “அவர் இஞ்ச இல்லை” என்று சொல்ல வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அதில் கெட்டிக்காரி நான்தான். மற்றவர்கள் இல்லை என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நானோ, வவுனியாவில் தோட்டம் செய்கிறார், மிளகாய் போட்டிருக்கிறார் என்று காய் பிடிப்பது வரைக்கும் சொல்லுவேன். மோட்டார் சைக்கிளில் வந்த கடன்காரரின் ஆளுக்கும் அதே கதை, ஊர்ப் பதிவெல்லாம் பார்க்கிற விதானையாருக்கும் அதே கதை.

மறுநாள் காலையே கடைக்குப் போய், கிழிந்த மற்றப் பாதியைத் தேடலாமா என்று கேட்டேன். கடைக்காரர் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “பிள்ளை, உமக்குச் சீனி வேணுமோ, கடதாசி வேணுமோ?” ஆனாலும் பழைய தாள் கட்டை இறக்கித் தந்தார். மிளகாய்த்தூள் மணக்க மணக்கத் தேடினேன். மற்றப் பாதி கிடைக்கவில்லை. அதே மாதிரி முழு அறிவித்தல் ஒன்று, வேறொருவருடையது, வழக்கு இலக்கத்தோடு கிடைத்தது. அது போதும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் போனது மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு. அது பிழையான இடம். அங்கே ஒருவர் சிரித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். நீதிமன்றப் பதிவறையில் வேலை செய்த ஓர் அம்மா, நான் யார், எந்த ஊர் என்றெல்லாம் விசாரிப்பார் என்று பயந்து பதில்களைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு விண்ணப்பம் எழுதி முத்திரை ஒட்டிக் கொடுத்தால் முடிந்த வழக்கேட்டை யாரும் பார்க்கலாமாம். இந்தச் சின்ன விசயம் தெரியாமல் எத்தனை பேர் வீட்டுக்குள் இருக்கிறார்களோ என்று நினைத்தேன்.

வழக்கேடு தூசியோடு வந்தது. மனு, சத்தியக் கடதாசி, கடன்களின் பட்டியல், பிறகு சொத்துப் பட்டியல். எல்லாம் ஆங்கிலத்தில். சைக்கிள் ஒன்று, பித்தளைக் குடம் இரண்டு, கால் உடைந்த கதிரை ஒன்று என்று அந்த மனிதர் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்தில் நீதிபதியின் கட்டளை இருந்தது. விசாரணை முடியும்வரை கடனுக்காக அவரைக் கைது செய்யக்கூடாது. அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். இரண்டு நாள் இருந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி எடுத்தேன்.

இரண்டு நாளில் பதிவறை அம்மாவுக்குச் சித்தப்பாவின் கொழும்புக் கதையை நானாகவே சொல்லியிருந்தேன். புறப்படும்போது அவர் கேட்டார். “உங்கடை ஆள் ஆறு மாசமா இஞ்சதானே இருக்கிறார்? இல்லாட்டி மனுவைக் கொழும்பிலதான் போட வேணும். விதானையாரிட்டை ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

“ஓம், இஞ்சதான்” என்று துள்ளிக்கொண்டு சொன்னேன். சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான் கை நின்றது. ஆறு மாதமாக அவர் இங்கே இல்லை என்று விதானையாருக்கும் ஊருக்கெல்லாமும் சத்தியம் பண்ணியவளே நான்தானே! கொழும்புக்குப் போ என்றால் சித்தப்பா போகமாட்டார். ஆடியில் அவர் கண்டதற்குப் பிறகு, அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே எழும்பி உள்ளே போய்விடுவார்.

வீட்டில் ஒரு சண்டை காத்திருந்தது. கொப்பியை நீட்டினேன். சித்தப்பா தொடவில்லை.

“என்ரை பேரையும் சீனி சுத்தக் குடுக்கப் போறியோ?”

அடுப்படியில் இருந்து சித்தி பதில் சொன்னார். “உங்கடை பேர் இப்ப எங்க கிடக்கு? வவுனியாவில மிளகாய்க்குத் தண்ணி இறைச்சுக்கொண்டு கிடக்கு.”

சித்தப்பா சிரிக்கவில்லை. ஆனால் கொப்பியை எடுத்துத் திறந்தார்.

விதானையாரிடம் நான் தனியாகத்தான் போனேன். பொய் சொன்னவள் நான், அதனால் போக வேண்டியவளும் நான். வழியெல்லாம் கெட்டிக்காரத்தனமான பேச்சு ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். “நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கடிதம் கேட்டேன்.

அவர் எழும்பிப்போய் அலுமாரியில் இருந்து ஒரு பெரிய பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். கப்பலில் வந்தவர்களுக்கு நிவாரண அரிசி, மா, பருப்பு கொடுக்கும் பதிவு. சித்தப்பாவின் பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், அதற்கு நேரே இரண்டு கிழமைக்கொரு தரம் சித்தியின் கையெழுத்து. கப்பல் வந்த மாதத்திலிருந்து ஒன்றும் தவறவில்லை. நாங்கள் படலையில் நின்று பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். சித்தி கூட்டுறவுச் சங்கக்கடையில் நின்று, அவருக்கும் சேர்த்து அரிசி வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“நீர் சொன்னதை நான் எழுதேல்லை, பிள்ளை” என்றார் விதானையார். “சாப்பிட்டவரைத்தான் எழுதினனான்.”

பிறகு சாவகாசமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். மோட்டார் சைக்கிள்காரன் அவரிடமும் வந்திருக்கிறான். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறார். முடிவெட்டுகிறவர் மாதத்துக்கொருமுறை எங்கள் பின்வேலியால் வந்து போவது ஒழுங்கையில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியுமெண்டது உங்களுக்குத்தான் தெரியாது.” கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “வவுனியாவில இந்தமுறை மிளகாய் எப்படியாம்?” என்று கேட்டார். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

கொப்பியைப் பார்த்து ஒரு சட்டத்தரணி மனுவை எழுதித் தந்தார். சொத்துப் பட்டியலில் ஒரு கைக்கடிகாரத்தைத் தவிர எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னவர் சித்தப்பா. கைது செய்யக்கூடாது என்ற கட்டளை கிடைத்த நாள், அவர் முன்படலையை இரண்டு கையாலும் திறந்துகொண்டு வெளியே இறங்கினார். எங்கேயும் பெரிய இடத்துக்குப் போகவில்லை. ஒழுங்கை முகப்புவரை நடந்து, அதே கடையில் மகளுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். வழியில் கண்டவர்கள், நேற்றும் கண்டவர்கள் போல, “என்ன, வெயிலுக்குள்ள?” என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அவர் பெயரும் வர்த்தமானியில் வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் இப்போது நல்லாய் நித்திரை கொள்கிறார் என்று சித்தி சொல்கிறார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடமாகிறது. சித்தப்பாவை நாங்கள் ஒளித்து வைத்திருந்தோம் என்று நினைத்தேன். உண்மையில் அவரையும் எங்கள் பொய்யையும் சேர்த்து ஊர்தான் பொத்தி வைத்திருந்தது. அதை நினைத்தால், பெரிய ஆள் போலக் கொப்பியோடு அலைந்த எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வெட்கமுமாக இருக்கும்.

இப்போது அந்தக் கொப்பியை, எங்கே போவது, என்ன கேட்பது, எந்தக் கடிதம் வேண்டும் என்று முதலிலிருந்து தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். சித்தப்பா வந்த கப்பலிலேயே வந்த ஒருவர், பாத்திரக்கடை வைத்திருந்தவர், உடுப்பிட்டியில் இருக்கிறாராம். வீட்டை விட்டு வெளியே வருவதேயில்லையாம். வருகிற சனிக்கிழமை பஸ் எடுத்து அங்கே போகப் போகிறேன். படலையில் ஒரு பிள்ளை வந்து நின்று “அவர் இஞ்ச இல்லை” என்று சொல்லும். ஓம் என்று தலையாட்டிவிட்டு, இதை அவரிடம் குடுத்துவிடு என்று கொப்பியை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வருவேன்.