கோட்டுத்துணி வண்டி

குமரகுருபரனை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறுமுறை அடையாளம் தெரியாது. சேரன்மகாதேவிப் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கணக்கு எடுத்த வாத்தியாரே கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், "நீ ஆரு மவன்லே?" என்று கேட்பார். அக்காள் கல்யாண ஆல்பத்தில் அவர் இல்லாத பக்கமே கிடையாது. ஆனாலும் புரட்டிப் பார்க்கிறவர்கள், "தம்பி அன்னைக்கு ஊர்ல இல்லையோ?" என்பார்கள். கறுப்பென்றோ சிவப்பென்றோ, நெட்டையென்றோ குட்டையென்றோ சொல்லிவிட முடியாத உருவம். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், துணைக்கு வந்த சித்தப்பா மகனை மாப்பிள்ளை என்று நினைத்து அவனிடம் முதல் காப்பியை நீட்டினார்கள். அவனும் வாங்கிக் குடித்துவிட்டான்.

ஆனால் அவர் பார்த்த வேலைக்கு அதைவிடத் தோதான முகம் அமையாது. அவர் முத்திரை ஆய்வாளர். கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். எடையில் ஏமாற்றுகிறவர்கள் மேல் வழக்குப் போட வேண்டும். ஆபீஸ் அம்பாசமுத்திரத்தில் இருந்தது. சேரன்மகாதேவியில் அம்மாவோடு குடியிருந்தார். பஸ்ஸில் போய் இறங்குவார். மஞ்சள் பையும் கையுமாக மளிகைக்கடைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அரைக்கிலோ துவரம்பருப்பு வாங்குவார். வாங்கி முடித்த பிறகுதான் அடையாள அட்டையை எடுப்பார். தட்டுக்கு அடியில் ஒட்டிய புளி, ஈயத்தைச் சுரண்டியெடுத்த இரும்புக்கல் எல்லாம் அதுவரை அதனதன் இடத்தில் இருக்கும். கடைக்காரர் சுதாரிப்பதற்குள் வழக்கு எழுதி முடித்திருப்பார். அடுத்த வருஷம் அதே கடைக்குப் போனாலும் அவரை யாருக்கும் நினைவிருக்காது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசியில், பஸ்ஸில் அலைந்து அலுத்துப்போய், மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஷோரூமுக்குப் போனார். அங்கே விற்பனை பார்த்துக்கொண்டிருந்தவர் ஞானசிகாமணி. கறுப்பு வண்டி என்றால் தை கழிய வேண்டும் என்றார் அவர். குமரகுருபரன் சரி என்று தலையாட்டினார். ஆனால் கண் தெருப்பக்கக் கண்ணாடியை ஒட்டி நின்ற வேறொரு வண்டிப் பக்கமே போனது.

"அது என்ன வண்டி அண்ணாச்சி?"

"அத ஏன் கேக்கிய. பம்பாய்ல மயூரா சூட்டிங்ஸ்னு கோட்டுத்துணிக் கம்பெனி ஒண்ணு இருக்கு. அவனும் நம்ம கம்பெனிக்காரனும் சேந்து போட்ட வண்டி. இந்தியா பூராவும் ஐந்நூறுதான், அதுக்கு மேல போட மாட்டானாம். நம்ம ஜில்லாவுக்கு ஒண்ணத் தள்ளிவிட்டுட்டான். எல்லாரும் வந்து பாக்காவ, சிரிக்காவ, போயிருதாவ."

சிரிப்பதற்கு வேண்டியது அதில் இருந்தது. பெட்ரோல் டேங்க் முழுக்கப் பழுப்பும் கடுகு மஞ்சளுமாகக் கட்டம். பெயிண்ட் என்று கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். அப்படியே கோட்டுத்துணியை இழுத்துப் போர்த்தியதுபோல இருந்தது. இருக்கைக்கு நிஜமாகவே அந்தத் துணியை வைத்துத் தைத்திருந்தார்கள், ஓரத்தில் தோல் பட்டியோடு. பக்கவாட்டில் பித்தளையில் ஒரு சின்ன மயில். வண்டியோடு அதே கட்டத்தில் ஒரு சட்டைத்துணியும் இலவசம்.

குமரகுருபரன் வண்டிப் பக்கத்தில் போய் நின்றார். அப்போது கண்ணாடிக்கு வெளியே தெருவில் போன இரண்டு பேர் நின்று வண்டியைப் பார்த்தார்கள். பிறகு அவரையும் பார்த்தார்கள். ஒருவர் அவரைக் காட்டி மற்றவரிடம் ஏதோ சொன்னார். முப்பத்து நான்கு வயதில் ஒருவர் தன்னைக் கைகாட்டிப் பேசுவதை அவர் முதல்தடவையாகப் பார்த்தார்.

"இதையே எடுத்துக்கிடுதேன்" என்றார்.

ஞானசிகாமணி அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா யோசிச்சுட்டியளா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா வாசலில் நின்று வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஏம்யா, வண்டி வாங்கப் போனியா, சட்டைத்துணி எடுக்கப் போனியா?" என்றாள். அந்தச் சட்டைத்துணியையும் அவர் தைத்துப் போட்டுக்கொண்டார், ஒரே ஒரு நாள். டீக்கடையில் நின்ற ஒருவர், "ஆளு எங்க முடியுதாரு, வண்டி எங்க தொடங்குது?" என்று கேட்டதோடு அது பெட்டிக்குப் போய்விட்டது.

வண்டிக்கு ஊரே பெயர் வைத்தது: கோட்டுத்துணி வண்டி. வீரவநல்லூரில் வெற்றிலைக்கடையில் கை தூக்குவார்கள். கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் எதிரே வருகிற பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பார். வாழைத்தோப்புகளுக்கு நடுவே அந்த ரோட்டில் காலை நேரத்தில் போகும்போது, பார்க்கிற முகமெல்லாம் தன் பக்கம் திரும்புவது அவருக்குக் குளிர்ந்த தண்ணீரில் கால் வைப்பதுபோல இருந்தது.

வேலைதான் கெட்டது. சேரன்மகாதேவியில் வண்டி கிளம்பும்போதே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அடுத்த ஊருக்குப் போன் போய்விடும். அவர் போய்ச் சேரும்போது தராசுத் தட்டுகள் துடைத்து வைத்த குத்துவிளக்குப்போல மின்னும். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் பெரிய மளிகைக்கடை வைத்திருந்த பூதலிங்கம், அவரைக் கண்டதும் எழுந்து நின்றே வரவேற்பார். "வாங்க சார். கல்லெல்லாம் குளிச்சு முழுகி உக்காந்திருக்கு, பாத்துக்கிடுங்க" என்பார். அவர் சோதிப்பார். எல்லாம் சரியாக இருக்கும்.

மாசி மாதம் திருநெல்வேலியிலிருந்து மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"தீபாவளிக்குப் பொறவு ஒரு வழக்குக் கூட இல்லயே வே. உம்ம ஏரியாவுல எல்லாவனும் அரிச்சந்திரன் ஆயிட்டானா, இல்ல நீரு தூங்குதீரா?"

மேலதிகாரி ஜன்னல் வழியே கீழே நின்ற வண்டியைப் பார்த்தார்.

"அதுலயா போறீரு? வித்துட்டுப் பழையபடி பஸ்ல போவும்."

சொன்னதில் தப்பில்லை என்று அவருக்கே தெரிந்தது. வண்டியை விட்டு இறங்கிவிட்டால் மறுநாளே யாருக்கும் அவரை அடையாளம் தெரியாது. அதற்குத்தான் மனம் வரவில்லை. சேரன்மகாதேவி கடைத்தெருவுக்கு வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு சோடா வாங்கிக் குடித்தார்.

அப்போதுதான் பிரம்மநாயகி வந்து பேசினாள். அவளும் அவரைப்போல அந்த ஊர்ப் பிள்ளைமார் வீட்டுப் பிறப்புதான். முப்பது வயது இருக்கும். பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் சாமான் பொறுப்பு அவளிடம் இருந்தது. பின்னால் தள்ளுவண்டியில் அரிசி மூட்டையும் பருப்பும் ஏறிக்கொண்டிருந்தன.

"சார், ஒண்ணு கேக்கலாமா? வெள்ளிக்கிழமைதோறும் இங்க சோதனைக்கு வந்து வண்டிய நிப்பாட்டுதீங்க, நல்லது. செவ்வாக்கிழமையும் கொஞ்சம் நிப்பாட்டுனீங்கன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்."

அவருக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"உங்க வண்டி நின்னாத்தான் இந்தத் தெருவுல ஒரு கிலோ ஒரு கிலோவா இருக்கு. இந்தா பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். தெருவில் பெண்கள் கூட்டம். பையும் கூடையுமாக வீட்டு வாசல்களிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். தான் வரும்போதெல்லாம் கடைத்தெருவில் கூட்டம் சேர்வதை அவர் கவனித்திருந்தார். வண்டியைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்திருந்தார். அவர்கள் சாமான் வாங்க வந்தவர்கள்.

"எல்லாருக்கும் தெரியுமா இது?"

"பொம்பளையளுக்கெல்லாம் தெரியும். பத்தமடையில இருந்து கூட வாராவ."

அவர் சோடாப் பாட்டிலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார். மேலிடத்தில் பேச்சு வாங்கியது, வண்டியை விற்க வேண்டியது எல்லாம். பிரம்மநாயகி மூட்டைக் கணக்கைச் சரிபார்த்தபடியே கேட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்:

"விக்கறது எதுக்கு? வண்டி இங்கன நிக்கட்டும். நீங்க பஸ் ஏறிப் போங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டியைக் கடைத்தெருவிலேயே இருந்த விடுதி வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, மஞ்சள் பையோடு களக்காட்டுக்குப் பஸ் ஏறினார். களக்காட்டுக் கடைக்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள். கோட்டுத்துணி வண்டி சேரன்மகாதேவியில் நிற்பதாகப் போன் வந்திருந்தது. குமரகுருபரன் கருப்பட்டி வாங்கினார், மிளகாய்வற்றல் வாங்கினார். சாயங்காலத்துக்குள் நாலு வழக்கு. வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரத்தில் பூதலிங்கம் கடையில் கால்கிலோ உளுந்து வாங்கிவிட்டு அட்டையை நீட்டினார். பூதலிங்கம் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், உங்க வண்டி அங்கன நிக்கின்னுல்லா சொன்னான்?"

"ஆமா, அங்கனதான் நிக்கி" என்றார் குமரகுருபரன். பொய் சொல்லத் தெரியாதவர்.

அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் வியாபாரிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வண்டி தங்கள் ஊரில் நின்றால் ஆள் பக்கத்தில் இருப்பார் என்று பயம். நிற்காவிட்டால் கூட்டத்தில் எங்கேயோ மஞ்சள் பையோடு நிற்கிறார் என்று பயம். தெரியாத முகத்தைக் கண்டாலே நாலு பருப்பைச் சேர்த்துப் போட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் தட்டுக்கடியில் புளி ஒட்டுகிற வழக்கமே அநேகமாக அற்றுப்போனது. "அவருக்குப் பயந்து பயந்து சரியா நிறுத்தே பழகிட்டு" என்று பூதலிங்கமே பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை பிரம்மநாயகியுடையதாயிற்று. மழை வந்தால் அந்த இருக்கைத் துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டு இரண்டு நாளைக்குக் காயாது. கார்மேகம் மேற்கே மலைப்பக்கம் இறங்குவதைக் கண்டதும் அவள் விடுதித் தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்திவிடுவாள். சாயங்காலம் அவர் வந்து தார்ப்பாயை மடித்துக் கொடுப்பார். இரண்டொரு வார்த்தை பேசுவார்கள். இன்றைக்கு எந்த ஊர், என்ன கடை, என்ன சாக்குச் சொன்னார்கள் என்பதுதான் பேச்சு. நனைந்த துணியின் வாடையும் வேப்பம்பூ வாடையும் கலந்த அந்தச் சாயங்காலங்களைப் பற்றி அவர் இன்றைக்கும் பேசுவார்.

ஒருநாள் ஊரில் தேரோட்டம். பஸ் கொள்ளாத கூட்டம். குமரகுருபரன் கூட்டத்தில் நசுங்கி இறங்கியபோது, தெருவின் அந்தக் கோடியில் நின்ற பிரம்மநாயகி கை அசைத்துக் கூப்பிட்டாள். அவருக்குப் பின்னால் யாரையோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்னால் இறங்கியவர்கள் யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

பக்கத்தில் போனதும் கேட்டார்: "இந்தக் கூட்டத்துல எப்படித் தெரிஞ்சுது? வண்டி கூட இல்லையே."

"தெரியாம என்ன? இறங்குனதும் சட்டைப்பையத் தொட்டுப் பாப்பீங்க. சோதனைக்கு எடைக்கல்லுப் பெட்டி தூக்கித் தூக்கி எடது தோள் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு. நடந்து வந்தாலே தெரியுது."

அன்றைக்கு அவர் வண்டியை எடுக்க மறந்து நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, "விடுதியில சாமான் பாக்குத பிள்ளைதான?" என்றாள் அம்மா. "வாரத்துல ரெண்டு நாளு உன் வண்டி எங்கன நிக்குன்னு ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

தொண்ணூற்றைந்தாம் வருஷம் வைகாசியில் கல்யாணம். அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவர்கள் போகாத இடமில்லை. பாபநாசத்துக்குப் போய்க் குளித்துவிட்டு ஈரத்துணியைக் கம்பியில் கட்டிக் காயப் போட்டபடியே திரும்புவார்கள். ரோட்டில் யாராவது கை தூக்கினால் இப்போது அவளும் தூக்குவாள். ஆபீஸ் வேலைக்கு மட்டும் அவர் பஸ்ஸில்தான் போனார்.

தொண்ணூற்றெட்டில் தர்மபுரிக்கு மாற்றல் வந்தது. கைக்குழந்தை வேறு. இருக்கைத் துணி நைந்து பஞ்சு தெரிந்தது; ஞானசிகாமணி எழுதிக் கேட்டதில், அந்தத் துணியை நெய்வதையே நிறுத்திவிட்டதாக மயூரா கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். விற்றுவிடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து இஸ்ரவேல் என்பவர் வந்தார். மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர், கச்சேரிக்குக் கச்சேரி சட்டை மாற்றுகிற ஆள். வண்டியைப் பார்த்ததும் பேரம் பேசவே மறந்துவிட்டார்.

சாவியை வாங்கி, உதைத்து, இஸ்ரவேல் கிளம்பினார். குமரகுருபரனும் பிரம்மநாயகியும் வாசலில் நின்றார்கள். தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. டேங்கின் கடுகு மஞ்சளில் அது பட்டுக் கட்டம் கட்டமாக மின்னியது. தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பினார்கள். சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு கிழவர் கை தூக்கினார்.

ஐந்து வருஷம் ஓட்டிய வண்டி. அது தெருவில் போவதை அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை; எப்போதும் அதன் மேலேதான் இருந்தார்.

"இப்படியா இருந்துச்சு?" என்று கேட்டார்.

பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு பிரம்மநாயகி சொன்னாள்: "இதவிட நல்லா இருந்துச்சு. அவரு ரொம்ப நிமுந்து உக்காந்திருக்காரு."

வண்டி முனை திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. லாரி காலையில் வந்துவிடும். பாத்திரமெல்லாம் இன்னும் கட்டாமல் கிடந்தது. இருவரும் உள்ளே போனார்கள்.