ஒயர்க் கிளியும் உல்லன் குல்லாவும்

அந்தக் கிளிக்கு இப்போது ஒரு கண்தான் இருக்கிறது. பச்சை ஒயரில் பின்னிய உடம்பு, சிவப்பு ஒயரில் மூக்கு, கழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையம், கண்ணுக்குக் கறுப்புப் பாசிமணி. ஒரு மணி எப்போதோ எங்கேயோ உதிர்ந்துவிட்டது. போன மே மாதம் என் மகளுடைய காரில், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்த அந்தக் கிளி, வத்தலகுண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலையேறத் தொடங்கியதும் ஆட ஆரம்பித்தது. பின்சீட்டில் இருந்த நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மலைப்பாதை எனக்கு ஒன்றும் செய்யாது, வாந்தியெல்லாம் வராது. அந்தக் கிளி மலைப்பாதையில் ஆடுவதைப் பார்த்தால்தான் எனக்கு ஆகாது. என் பக்கத்தில் பேத்தி. காரை ஓட்டியது மகள். அவளுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்து மிதித்துக் கால்மிதியைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குக் கல்யாணமான புதிதில், டிரைவர் மாப்பிள்ளை என்றால் ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுவார் என்று என் தங்கச்சிமார் கேலி செய்தார்கள். நானும் நம்பினேன். வந்து பார்த்தால்தானே தெரிகிறது! பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் டிரைவருக்கு லீவு கிடையாது. பொங்கலுக்கு ஊர்ச்சனம் பூராவும் பஸ் ஏறும், அன்றைக்கு இவர் வண்டியில் இருப்பார். தைப்பூசத்துக்குப் பழனி வண்டி, மே மாதம் முழுக்கக் கொடைக்கானல் வண்டி. ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் மலைக்குக் கூட்டிப்போய் ஏரியைக் காட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு, தன் பிள்ளையை எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போக ஒரு சாயங்காலம் வாய்க்காது. வீட்டில் இருக்கும் நாளிலும் தூங்குவார். தூங்கவிடாமல் எழுப்பி மறுநாள் மலைக்கு அனுப்ப எந்தப் பெண்டாட்டிக்குத் தைரியம் வரும்?

எனக்குக் கை சும்மா இருக்காது. கை சும்மா இருந்தால் மனசு மலைப்பாதையில் ஓட ஆரம்பித்துவிடும். மழை பெய்தால் மண் சரிந்திருக்குமோ, பஸ் வர நேரமானால் என்ன ஆனதோ. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். அதனால்தான் கைவேலையில் விழுந்தேன். ஒயர்க்கூடை, பாசிமணித் தோரணம், தீப்பெட்டியில் நாற்காலி, பழைய சேலையில் பொம்மை, உல்லன் நூலில் கதவுக்குத் தொங்கல் என்று எது கைக்கு அகப்பட்டாலும் அது வேறொன்றாக மாறிவிடும். தெருவில் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். கெட்டிக்காரத்தனமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவளுக்கு விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்தக் கோடை லீவில் பக்கத்து வீட்டில் புது ஃபிரிஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, அவளுக்கு ஒரு பஸ் செய்து கொடுத்தேன். சன்னல் வெட்டினேன், தட்டைக் கவிழ்த்துச் சக்கரம் வரைந்தேன், காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட் கொடுத்தேன். முன்னால் தொங்கவிட ஒயரில் இந்தக் கிளியைப் பின்னினேன். நாங்கள் இருவரும் கூடத்திலிருந்து புறப்பட்டு, அடுப்படி வழியாகக் கொடைக்கானல் போய் வருவோம். கொல்லைப்புறத் தண்ணீர்த்தொட்டிதான் ஏரி. ஒருநாள் அந்த ஏரிக்கரையில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: “அம்மா, நெச பஸ்ஸுல அப்பா நம்ம கூட வர மாட்டாராம்மா?” அன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டே அவரிடம் சொன்னேன், இந்த லீவு முடிவதற்குள் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிள்ளையோடு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன் என்று. அவர் கை கழுவிவிட்டு வந்து கிளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என் வண்டிக்கு ஆகும்லா?” என்று மகளிடம் கேட்டார். அவளும் கொடுத்துவிட்டாள்.

சொன்னபடி லீவு போட்டார். அதற்கான ஏற்பாடு எனக்கு ஒரு திருவிழா. மலையில் குளிருமே என்று உல்லன் நூல் வாங்கி மூன்று பேருக்கும் குல்லா பின்னினேன். மகளுடைய குல்லாவில் காதை மூடுகிற மடிப்பு, உச்சியில் குஞ்சம். புறப்படுகிற அன்று காலை, தக்காளிச் சோறு கிண்டி முட்டை அவித்துக்கொண்டிருக்கும்போது டிப்போவிலிருந்து ஆள் வந்துவிட்டது. கொடைக்கானல் வண்டிக்குப் போக வேண்டிய டிரைவருடைய அம்மா தவறிவிட்டார்களாம். இவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், காக்கிச் சட்டையை எடுத்து மாட்டினார். நான் அகப்பையைக் கீழே போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். “வேற ஆளே இல்லையா அந்த டிப்போவுல?” என்றேன். “சாவு வீடு. நான் எப்பிடி மாட்டேன்னு சொல்ல?” என்றார். பிறகு, “நீங்களும் அதே வண்டியிலேயே வாங்க. கொடைக்கானலுக்குத்தான போறோம்” என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவர் குனிந்து மகள் காதில் என்னவோ சொன்னதும், அவள் தலையைத் தலையை ஆட்டியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருந்த கோபத்தில் அதையெல்லாம் நான் பெரிதாக எடுக்கவில்லை.

எனக்குப் பொறுமை என்கிற சாமானே கிடையாது. குல்லாவைப் பின்னி முடித்துவிட்டுப் பையில் பூட்டி வைக்கச் சொன்னால் எப்படி? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலேயே பிள்ளைக்கு மாட்டிவிட்டேன். மே மாதம், தார் இளகுகிற வெயில். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, “என்ன மதினி, திண்டுக்கல்லுலயே பனி கொட்டுதாக்கும்?” என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது, நானும் என் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டேன். டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தோம். அவர் கிளியை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினார். செம்பட்டி வரும்போதே மகள், “அம்மா, வேர்க்குதும்மா, கழட்டிரவா?” என்றாள். “மலை வந்துரும், பேசாம இரு” என்றேன். வத்தலகுண்டில் வண்டி நின்றபோது, மலையில் பிள்ளைக்குப் பசிக்குமே என்று தக்காளிச் சோற்றையும் முட்டையையும் ஊட்டி, அதற்கு மேலே ஆயக்குடிக் கொய்யா ஒன்றையும் கடிக்கக் கொடுத்தேன். மலையே பார்க்காத சமவெளிக்காரி செய்கிற வேலை இதுதான். மலைக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

நாலாவது வளைவிலேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் மகள் முகம் வெளுத்தது. குல்லாவைப் பிடுங்கிப் போட்டேன். பிறகு என் சேலையிலும் மடியிலும் சோறு அப்படியே வந்தது. யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், யாரோ பாலிதீன் பை கொடுத்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது. “அப்பா” என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. “அப்பா, அப்பா” என்று மறுபடியும் அலறினாள். கைக்கு எட்டுகிற தூரத்தில் அந்தப் பிடரி இருந்தது. வியர்வையில் காக்கிக் காலர் கறுத்திருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே லாரி. அதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? ஒரு நொடி கண்ணாடியிலாவது பார்த்திருக்கலாம் அல்லவா? அவர் செய்தது என்ன தெரியுமா? லாரி கடந்ததும் இடது கையைத் தூக்கி, தொங்குகிற கிளியை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது குதித்து ஆடியது. கை கியருக்குப் போய்விட்டது. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. பிள்ளை கதறுகிறது, இவருக்குக் கிளி விளையாட்டு! அடுத்த வளைவிலும் அவள் கூப்பிட்டாள், அவர் மறுபடியும் சுண்டினார். பிறகு அவள் அழவில்லை. என் மடியில் சாய்ந்து, அரைக்கண்ணால் அந்தக் கிளியையே பார்த்துக்கொண்டு வந்தாள். களைத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன்.

மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கி வந்தார். மகளுடைய நெற்றியில் கை வைத்து, “என்ன ஆத்தா, முடிஞ்சிருச்சா?” என்றார். அவள் சிரித்தாள். திரும்ப வண்டி எடுக்க இருந்த நேரம் ஏரிக்குப் போய் வரப் போதாது. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்த மேட்டில் பெட்ஷீட்டை விரித்தோம். மிச்சமிருந்த சோற்றை நாலு வாய் அள்ளிப் போட்டவர் அப்படியே சாய்ந்தார், சாய்ந்த மாத்திரத்தில் குறட்டை. குளிர்காற்று வீசியது. என் குல்லாவைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள் மகள். அவளுடையதை அவர் காலில் ஒரு பெருவிரலுக்கு மாட்டினாள். நானோ பையிலிருந்து ஒயரை எடுத்து, முறுக்கி முறுக்கிப் பாதிக் கூடையைப் பின்னித் தள்ளினேன். இதற்காகவா இவ்வளவு பாடு? ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட நாங்கள் பார்க்கவில்லை. மகள் மட்டும் அவர் வயிற்றில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சண்டை போட்டேன். “பெத்த பிள்ளை கூப்பிட்டா ஒரு தடவை திரும்பக் கூடாதா?” என்றேன். “எனக்குப் பின்னாடி ஒரு வண்டி சனம் இருந்துச்சு. அம்புட்டுப் பேரும் யாருக்கோ பிள்ளைகதான்” என்றார். அது சரியான பதில்தான். சரியான பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பிள்ளையின் குரல் என் காதில் இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் நான் மலைப் பேச்சை எடுக்கவில்லை. குல்லா பின்னவில்லை. அட்டை பஸ் நைந்து குப்பைக்குப் போனது. அவர் மாற்றி மாற்றி எத்தனையோ பஸ் ஓட்டினார், ஒவ்வொன்றிலும் அந்தக் கிளியைக் கழற்றி மாட்டினார். ஓய்வு பெற்ற அன்று சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகள் கார் வாங்கியதும், வேறு எதையும் கேட்காமல் அதைக் கேட்டு வாங்கிப்போனாள். பழைய விளையாட்டுச் சாமான் மீது ஆசை என்று விட்டுவிட்டேன்.

போன மே மாதம் அவள்தான் பிடிவாதமாக எங்களைக் கிளப்பினாள். நான் பேத்திக்கு ஒரு குல்லா பின்னியிருந்தேன், கை கேட்கவில்லை. “அம்மா, மேல போற வரைக்கும் அது பையிலேயே இருக்கட்டும்” என்று சொல்லித்தான் காரை எடுத்தாள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் பிள்ளைக்குக் கொடுக்கவும் விடவில்லை. இருந்தும் என்ன, பாதி மலையில் பேத்தி முகம் வெளுத்தது. “அம்மா” என்று அலறினாள். மகள் திரும்பவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து, அந்தக் கிளியை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். பேத்தி உடனே வாயை மூடிக்கொண்டு கிளியைப் பார்த்தாள்.

“ஏய், என்னடி அது?” என்றேன்.

“எதும்மா? கிளியா?” வளைவைக் கடந்துதான் பதில் சொன்னாள். “அப்பா சொல்லிக் குடுத்தது. மலையில கூப்பிட்டா திரும்பக் கூடாது. கிளி ஆடுச்சுன்னா, கேட்டுட்டேன், இங்கதான் இருக்கேன்னு அர்த்தம். அன்னைக்கு நம்ம குல்லா மாட்டிட்டுப் போனோம்ல, அன்னைக்குக் காலையில சொன்னாரு.”

“நீங்க ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். “அம்புட்டு வருஷம்! சண்டை போட்டப்பவாவது சொன்னா என்ன?”

“உனக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றார். “கிளியப் பின்னுனவளே நீதான.”

இந்த மனுஷனை என்ன செய்ய? வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. அதற்குள் பேத்திக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் பாலிதீன் பையைத் தேடுவதற்குள் டக்கென்று பெல்ட் கழன்ற சத்தம் கேட்டது. அவர் சீட்டில் மண்டிபோட்டு முழுசாகப் பின்னால் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிள்ளையின் வாய்க்குக் கீழே ஏந்தினார். “ஒண்ணுமில்ல ஆத்தா, எடுத்துரு, எடுத்துரு, தாத்தா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்” என்றார். கை நிறைய வாந்தியோடு, எனக்கு நேராக அவருடைய முகம். இந்தப் பாதையில் அந்த முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மகள் ஓர் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், துடைத்தோம். “அப்பா, ஒழுங்கா முன்னாடி பாத்து உக்காந்து பெல்ட்டப் போடுங்க, இல்லாட்டி வண்டி எடுக்க மாட்டேன்” என்று அதட்டினாள். பெல்ட்டைப் போட்டார். முன்னாடி பார்க்கத்தான் மாட்டேன் என்றுவிட்டார். எதிரே கிளி ஆடிக்கொண்டிருந்தது, எங்கெங்கோ லாரி வந்தது, வளைவு வந்தது. கழுத்து வலிக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மலை ஏறி முடிகிற வரைக்கும் அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை.