விரால் அடிப்பான் எழுந்த நொடி

வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் வேன் ஓட்டிவிட்டுக் கோட்டக்குப்பம் திரும்பியபோது, இனி வீட்டோடு இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். திரும்பிய பதினோராவது மாதம் மனைவி இறந்துபோனாள். மகள் திண்டிவனத்தில் புகுந்த வீட்டில். மகன் கத்தாரில். மூன்று அறையும் மாடியும் உள்ள வீட்டில் நான் மட்டும்.

போன விடுமுறையில் வந்த மகன் தன் கேமராவை விட்டுவிட்டுப் போனான்.

"சும்மா சுவத்தப் பாத்துக்கினு இருக்காதீங்க அத்தா. எதையாவது எடுத்துப் பழகுங்க."

வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது? ஃபஜ்ர் தொழுததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கழுவெளி ஏரிக்குப் போக ஆரம்பித்தேன். குளிர்காலத்தில் அங்கே பறவைகளுக்குக் குறைவில்லை. படங்கள்தான் உருப்படவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் பின்னாலிருக்கும் கோரை தாள் தாளாகத் தெளிவாக இருக்கும். முன்னால் ஒரு சாம்பல் கறை. அதுதான் பறவை.

மார்கழியில் ஒரு விரால் அடிப்பான் வந்தது. பருந்துச் சாடை, வெள்ளை வயிறு. அந்தரத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கும். பிறகு கால்களை நீட்டிக்கொண்டு விழும். மீனோடு எழுந்து உடம்பைச் சிலிர்க்கும். அந்த ஒரு நொடிதான் எனக்கு வேண்டும். ஐந்து வாரம் போனேன், ஒருநாளும் கிடைக்கவில்லை.

ஏரிக்கரையை ஒட்டி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தவர் களை வெட்டிக்கொண்டே கேட்பார்.

"இன்னா பாய், இன்னிக்காவது மாட்டிச்சா?"

"இல்லைங்க."

"தெனம் வர்றீங்க, தெனம் ஏமாத்திட்டுப் பூடுது. பேஜாருதான்."

சில நாட்களில் அன்று நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

தவறு மெல்லத்தான் பிடிபட்டது. பறவை விழுந்த பிறகுதான் நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தரத்தில் நிற்கும்போதே அதன்மேல் ஃபோகஸ் வைத்து, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல், அதோடு கூடவே இறங்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஃபோகஸ் கோரைக்குப் போய்விடும். காக்கைகளை வைத்துப் பழகினேன்.

தை மாதத்தில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு அது எனக்கு நேர் எதிரே வந்து நின்றது. ஃபோகஸ் பிடித்துவிட்டேன். அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அந்த நேரத்தில் அழைப்பவன் ஒருவன்தான். மகன், வாரத்தில் மூன்று நான்கு நாள், டூட்டிக்குப் போகும் முன். எடுக்கவில்லை. அதிர்வு நின்று மறுபடி தொடங்கியது. பறவை விழுந்தது. நானும் கூடவே இறங்கினேன்.

திரையில் பார்த்தேன். மஞ்சள் கண், இறக்கையிலிருந்து தெறிக்கும் துளிகள், காலில் மீன், எல்லாம் தெளிவாக இருந்தன. உடனே மகனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குள் போய்விட்டால் போன் பெட்டியில் இருக்கும்.

வரப்பேறிப் போய் மல்லாட்டைக்காரரிடம் காட்டினேன். மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மடவை மீனு பாய் அது. நல்ல சைஸு" என்றார். பறவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் மகன் அழைத்தான்.

"எங்க போயிட்டீங்க? ரெண்டு தடவ போட்டேன். வேலையே ஓடல அத்தா."

இதே கேள்வியை நான் எத்தனை முறை அவன் அம்மாவிடம் கேட்டிருப்பேன். அங்கே டெலிபோன் பூத் வரிசையில் நின்று அழைப்பேன், இங்கே மணி அடித்து ஓயும். மறுநாள் கத்துவேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன் என்பாள். ஒரு தடவை, "சும்மா நின்னுக்கினு இருந்தேன், கடல் காத்து நல்லாருந்துச்சு" என்றாள். அதற்கும் கோபப்பட்டேன். நான் இல்லாத வீட்டில் அவளுக்கென்று ஒரு காலைப்பொழுது இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

"ஏரியில இருந்தேன்பா" என்றேன். "ஒரு படம் எடுத்துக்கினு இருந்தேன்."

"நான் பயந்துட்டேன்" என்றான்.

படத்தை அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்றான். பிறகு, "காலையில நீங்க அங்கதான இருப்பீங்க, இனிமே வெள்ளிக்கிழம ராத்திரி பேசறேன்" என்றான். நான் சரி என்றேன். வேண்டாம், காலையிலேயே போடு என்று சொல்லியிருக்கலாம்.

பங்குனியில் அந்தப் பறவை போய்விட்டது. வெயில் ஏறுவதற்குள் போய், தண்ணீரில் நீந்தும் நாமக்கோழிகளை எடுத்துவிட்டு வருகிறேன். படங்கள் இப்போது தெளிவாகவே விழுகின்றன.